உங்களுக்குத் தெரியுமா? – கராத்தே வகுப்பில் சேருமுன்

● “சின்னப் பிள்ளைக்கு எதுக்குடா இந்தச் சண்டை வித்தை?” என்று கேட்கும் தாத்தாக்களுக்கு ஒரு தகவல். ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒருசிலரிடமே தங்கியிருந்த கராத்தே, ஊரறிய வெளியே வந்ததே பள்ளிப் பிள்ளைகள் மூலமாகத்தான். 1901-ல் அன்கோ இதோசு என்ற ஆசான் ஷுரி தொடக்கப் பள்ளியில் இதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பெரியவர்களின் நீண்ட ‘கத்தா’க்கள் (தனியாளாக வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்புகள்) பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று, சுருக்கமாக ஐந்தை அமைத்தார். இன்று ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் வகுப்புகளில் ‘ஹெயான்’ என்று சொல்லித்தருவது அவற்றைத்தான்.

● அவருடைய சீடர் கிச்சின் ஃபுனாகோஷி, பள்ளிக்கூட வாத்தியார். 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 53. மாணவர் விடுதி ஒன்றில் காவலும் பெருக்குகிற வேலையும் பார்த்துக்கொண்டே வகுப்பு எடுத்தார். மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பைக்கில் சாய்ந்து போன் பார்க்கும் அப்பாக்கள் கவனிக்க. ‘அவர் சிறுவயதிலேயே கற்றவராயிற்றே’ என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் பைக்கை விட்டு இறங்கலாம்!

● கலர் கலர் பெல்ட் பழங்காலத்து வழக்கம் அல்ல. பெல்ட், வெள்ளைச் சீருடை இரண்டுமே ஜூடோவிடம் வாங்கிய கடன். ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் கொடுத்தது 1924-ல்தான்.

● கறுப்புக்குக் கீழே உள்ள நிலைகளை இறங்குமுகமாக எண்ணுவார்கள். பல பள்ளிகளில் பத்தாவது ‘கியூ’வில் தொடங்கி ஒன்று வரை. அதைத் தாண்டினால் முதல் ‘டான்’. அங்கிருந்து ஏறுமுகம். நிற வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். அடுத்த தெருப் பையனின் பச்சையோடு உங்கள் பிள்ளையின் பச்சையை ஒப்பிட்டு வீட்டில் சண்டை வேண்டாம்.

● கறுப்பு பெல்ட் வாங்கினால் போலீஸ் ஸ்டேஷனில் கையைப் பதிவு செய்ய வேண்டுமாமே? சும்மா கதை.

● டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கத்தா தங்கத்தை வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. கத்தாவில் எதிராளியே கிடையாது. அடிபடப் பயப்படும் பெரியவர்களுக்கு ஏற்ற வாசல் இதுதான்.

● அதே ஒலிம்பிக்கில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் நேரடி மோதல் பிரிவின் இறுதிப்போட்டி. சவுதியின் தாரெக் ஹமேதி 4–1 என முன்னிலை. அவர் விட்ட ஒரு உதையில் ஈரானின் சஜாத் கஞ்ஜாதே நினைவிழந்து விழுந்தார். சினிமாவாக இருந்தால் அத்தோடு ஹீரோவுக்கு மாலை. இங்கே, கட்டுப்பாடில்லாத தாக்குதல் என்று ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம்!

● ஆகவே, சேருமுன் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். ‘குமித்தே’ எனப்படும் நேரடி மோதலில் பிள்ளைகளின் கை, கால் எதிராளிக்கு முன்னால் நிற்கிறதா, மாஸ்டர் நிறுத்தச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். மாதக் கட்டணத்தோடு பெல்ட் டெஸ்ட் கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பர்ஸைக் கடிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.