பந்தல் பிரித்த பிறகு

வாசுதேவநல்லூரில் முப்பத்தோரு வருஷமாகப் பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். துட்டி வீட்டிலிருந்து விடியக்காலம் நாலு மணிக்கு போன் வரும். "அண்ணாச்சி, பெட்டி இருக்கா?" யாருக்கு, எப்படி என்று கேட்கக் கூடாது, "இருக்கு, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும். இது என் மனைவி போட்ட சட்டம். கணக்கு நோட்டும் அவள் கையில்தான். கல்யாணம் என்றால் சிவப்பு மை, துட்டி என்றால் நீல மை. சில வீடுகளுக்கு வாடகைக் கட்டத்தில் தொகை இருக்காது, 'பிறகு' என்று எழுதியிருப்பாள். அந்த வீட்டுப் பக்கம் வசூலுக்குப் போகக் கூடாது என்று அர்த்தம்.

ஐஸ் பெட்டி வந்த பிறகு துட்டி வீடே மாறிவிட்டது. முன்னெல்லாம் காலையில் போனவரைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். இப்போது துபாயிலிருந்து மகன் வந்து சேர வேண்டும். கன்னத்தைத் தடவி அழுத கைகள் கண்ணாடியைத் தடவுகின்றன. பெட்டி திரும்பி வந்ததும் துணி கொண்டு துடைப்பது நான்தான். எத்தனை விரல் தடம்! ஒருமுறை சிவகிரிப் பக்கம் ஒரு பாட்டி, நான் சுவிட்சைப் போடும்போது கிட்டே வந்து, "கொஞ்சம் குறைச்சு வைப்பா, அவுகளுக்குக் குளிரு ஆகாது" என்றார். குறைத்த மாதிரி கையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மகள் திருநெல்வேலியில் சைக்காலஜி படிக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது, "அதுக்குப் பேரு மறுப்புப்பா" என்றாள். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதிய புத்தகத்தில் ஐந்து நிலைகளைச் சொன்னாராம்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. கேட்டதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எல்லாமே பந்தலுக்கடியில் பார்த்ததுதான். பெட்டி பத்து நிமிஷம் பிந்தினால் என் சட்டையைப் பிடிப்பார்கள். அந்தக் கோபம் என் மேல் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது. பேரம் என்றாளே, அது எங்கள் ஊரில் 'இருந்தா' என்று முடியும். "நேத்தே தென்காசிக்குக் கொண்டு போயிருந்தா", "அந்த மாத்திரையை விடாம இருந்திருந்தா". துட்டி வீட்டில் காது கொடுத்துப் பாருங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் இந்த 'இருந்தா'தான்.

போன வருஷம் தை மாதம் என் வீட்டுக்கே பெட்டி வந்தது. மனைவிக்கு மாரடைப்பு. இரவு சாப்பிட்டுப் படுத்தவள்.

என் பையன்கள்தான் பந்தல் போட்டார்கள். தெருப் பக்கக் கால் சாய்ந்து நின்றது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். "கல்நெஞ்சுக்காரன்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னவர் மேல் தப்பில்லை. எனக்கே அன்றைக்கு என்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது.

பதினாறு முடிந்து பத்து நாள் இருக்கும். என்னத்துக்கோ நான் எரிந்து விழ, "அப்பா, நீங்க இப்ப கோபத்துல இருக்கீங்க, அடுத்து பேரம் வரும்" என்றாள் மகள். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று கண்டக்டர் ஸ்டாப் சொல்கிற மாதிரி இருந்தது. அழுகைக்கு நடுவே இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்படி வரிசையாகவும் எனக்கு வரவில்லை. எங்கள் ஊர் சிந்தாமணிநாதர் கோயிலில் சாமி அர்த்தநாரீஸ்வரர், பாதி ஆண் பாதி பெண். அந்த வாசல் பக்கம் ஆறு மாதம் வண்டியைத் திருப்பவே இல்லை. அது கோபமா சோர்வா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மகள் பிறகு முழுசாகப் படித்துவிட்டு வந்து சொன்னாள். அந்த அம்மா பேட்டி எடுத்தது சாகக் கிடந்த நோயாளிகளை. பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை அல்ல. அந்தப் பட்டியலை நம் தலையில் கட்டியது பின்னால் நடந்தது. 2007-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறவை இழந்த 233 பேரை இரண்டு வருஷ காலம்வரை கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போனவர் போய்விட்டார் என்ற ஏற்பு ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலோரிடம் இருந்திருக்கிறது. அதிகமாக வாட்டியது மறுப்பும் அல்ல, சோர்வும் அல்ல, ஏக்கம்.

இது எனக்குப் பொருந்துகிறது. அவள் இல்லை என்பது முதல் நாளே தெரியும், என் கையால் வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். ஆனாலும் நாலு மணிக்கு போன் அடித்தால் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன், அவள் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று.

ஸ்ட்ரோபே, ஷூட் என்று நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் வேறு மாதிரி சொன்னார்களாம். துக்கப்படுகிறவர் மனசு ஊஞ்சல் போல. ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் கார்டில் பெயர் எடுப்பது போன்ற மிச்ச வாழ்க்கை. ஒரே நாளில் பத்துத் தடவை அங்கும் இங்கும் போய் வரும், அப்படிப் போய் வருவதுதான் ஆளைத் தேற்றுகிறது என்றார்களாம். பந்தல் கால் ஞாபகம் வந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

நம் பெரியவர்கள் இதைத் தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, தெரியவில்லை. ஒப்பாரியில் செத்தவரையே திட்டலாம், நாத்தனாரைத் திட்டலாம், யாரும் பதில் பேச மாட்டார்கள். அடுப்பு பற்றவைக்க வேண்டாம், சாப்பாடு உறவுக்காரர் வீட்டிலிருந்து வரும். நீர்மாலை, எட்டு, பதினாறு என்று நாளுக்கொரு வேலை. ஆனால் குறையும் அங்கேதான் இருக்கிறது. பதினாறாம் நாள் சாயங்காலம் நான் சேரை ஏற்றும்போதே சொந்தமும் பஸ் ஏறிவிடும். அதற்கு அடுத்த வாரம் மறந்துபோன சட்டியையோ கயிற்றையோ எடுக்கப் போவேன். அப்போது அந்த வீடு இருக்கிற இருப்பு பதினாறு நாளில் ஒரு நாளும் இருந்ததில்லை. துட்டி கேட்கப் போகிறவர்கள் நாற்பதாம் நாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேச வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலே போதும்.

பதினாறே வைக்க முடியாதவர்களும் உண்டு. இலங்கையில் கிளிநொச்சியில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காக நீண்டது. டிவியில் அவர்கள் தலைக்கு மேலிருந்த கொட்டகையைத்தான் என் கண் பார்த்தது. உடலும் இல்லை, உறுதியான சேதியும் இல்லை என்றால் எந்தத் தேதியில் அதைப் பிரிப்பது? பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு என்கிறார்.

ஒன்றை மட்டும் மகள் கட்டாயம் எழுதச் சொன்னாள். மாதங்கள் ஓடியும் ஏக்கம் கொஞ்சமும் இறங்காமல், குளிக்க, வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்க்கக்கூட முடியாமல் ஒருவர் கிடந்தால் அதை மருத்துவர்கள் தனி நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. நம் தலைத்திதிக் கணக்கும் ஒரு வருஷம்தான். செத்துப்போகலாம் என்று தோன்றினால் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

தலைத்திதி முடிந்து, இந்த ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் போய்ப் பேரருவியில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரிதான் பழைய கணக்கு நோட்டைத் திறந்தேன். அதுவரை புது நோட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். தை மாதப் பக்கத்தில் பையன்களில் யாரோ கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: சாமியானா 2, சேர் 100, பெட்டி 1. வீடு: நம்ம வீடு. வாடகைக் கட்டம் காலியாக இருந்தது. நீலப் பேனா எழுதவில்லை, இரண்டு தடவை உதறினேன். 'பிறகு' என்று எழுதி வைத்தேன்.