ஒரு புஷ்ஷும் இரண்டு வரைபடங்களும்

உறைந்த ரப்பர் பாலை இரு உருளைகளுக்கிடையே விட்டுச் சீட்டாக அழுத்தும் கை மிஷினை நம்மில் பலர் அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மிஷினில், உருளையின் தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்து போயிற்று. பழைய புஷ்ஷைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய், "இதே போல ஒன்று செய்து கொடுங்கள்" என்றோம். அளந்தார்கள், அப்படியே கடைந்தும் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தால் உருளை முன்போலவே ஆடியது! தேய்ந்ததைப் பார்த்துச் செய்ததால் தேய்மானமும் கூடவே வந்துவிட்டது. கடைசல்காரரைக் குறை சொல்வதற்கில்லை; நாம் கேட்டதைத்தான் செய்தார்.

அந்தப் புஷ்ஷின் உறுப்பு வரைபடம் கையில் இருந்திருந்தால் இப்படி நேர்ந்திராது. உறுப்பு வரைபடம் என்பது ஒரே ஓர் உறுப்பைச் செய்வதற்கானது. முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தபடி அதை வரைந்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அழுத்தமான கோடு; உள்ளே மறைந்த விளிம்புக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. என்ன உலோகம் என்பதும் எழுதியிருக்கும்.

அளவுதான் இதன் உயிர். துளை 25 மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கடைசல் இயந்திரமும் அணுவளவும் பிசகாமல் 25-இல் நிற்காது. ஆகவே துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், தண்டு 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம் என்று எல்லை கட்டுவார்கள். மிகப் பெரிய தண்டு மிகச் சிறிய துளையில் நுழைந்தாலும் 0.007 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்; எண்ணெய் படர அந்த இடம் வேண்டும். இரண்டையும் வெவ்வேறு ஊர்களில் செய்தாலும் பொருந்தும். ஒன்று கவனிக்க வேண்டும்: தாளின்மேல் அடிக்கோலை வைத்து அளக்கக் கூடாது. எழுதிய எண்ணே கணக்கு.

பொருத்து வரைபடம் வேறு. அது முழு மிஷினையும் காட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் வட்டத்துக்குள் ஓர் எண். தாளின் மூலையில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், உலோகம், எத்தனை வேண்டும் என்ற பட்டியல். பப்பாளியை நறுக்கியது போல மிஷினை வெட்டிக் காட்டி, வெட்டுப்பட்ட இடத்தில் சாய்கோடு போட்டிருப்பார்கள். உறுப்புகளின் தனி அளவுகளை இதில் தேடக் கூடாது. எது எதற்குள், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பதற்கே இது. கடைசல்காரருக்கு முன்னது, பிட்டருக்குப் பின்னது. சில நூல்கள் இரண்டையும் சேர்த்தே வேலை வரைபடம் என்று சொல்வதுண்டு.

தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகள் தாளின் மூலையில் நுனி வெட்டிய கூம்புப் படம் ஒன்றை முதலில் தேட வேண்டும். இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றத்தை ஒரு முறையில் வலப்புறமும், மற்றொரு முறையில் இடப்புறமும் வரைவார்கள். எந்த முறை என்பதை அந்தக் கூம்புதான் சொல்லும். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், வலப்பக்கம் வர வேண்டிய துளை இடப்பக்கம் வந்துவிடும்.