வாய்க்காலில் வேலைப் பகிர்வு: பரந்தன் அன்றும் இன்றும்

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு ஒரு தெரு முல்லைத்தீவுக்கும் இன்னொன்று பூநகரிக்கும் பிரிகிறது. இந்தச் சந்தியைச் சுற்றி ஒரு காலத்தில் இரண்டு விதமான வேலைகள் அருகருகே நடந்தன. ஒன்று இரசாயனத் தொழிற்சாலையில். மற்றது வயல் வாய்க்காலில்.

தொழிற்சாலையின் பெயர் நாடறிந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த அரச நிறுவனம் அது. 1950களில் தொடங்கியது. வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு இங்கிருந்து சரக்குப் போனது. அங்கே வேலையின் ஒழுங்கு முன்கூட்டியே முடிவானது. உப்புக் கரைசல் எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும், அடுத்த முறைக்கு வருபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் காலையிலும் ஒன்றுதான், நள்ளிரவிலும் ஒன்றுதான். 1980களின் நடுவில் போர் அந்த ஆலையை நிறுத்தியது. பரந்தன் கெமிக்கல்ஸ் என்ற பெயர் மட்டும் பிழைத்து, இறக்குமதி செய்த குளோரினை விற்கும் நிறுவனமாக நீடிக்கிறது.

வாய்க்கால் வேலை அப்படி எழுதி வைக்க முடியாதது. அதனால்தானோ என்னவோ, அது அழியவும் இல்லை.

கனகராயன் ஆற்றை மறித்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது இரணைமடுக் குளம். அதன் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்; பரந்தன் வயல்களும் அதற்குள் அடக்கம். பக்கத்து உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பவை தபால் முகவரிகள். தண்ணீரை வைத்தே ஊர் வகுக்கப்பட்ட இடம் இது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, மாங்குளம் பக்கம் மழை பெய்கிறதா, எந்த வாய்க்காலில் உடைப்பு, யாருடைய வயல் குடலைப் பருவம், யாருடையது இன்னும் முளைவிடவில்லை என்று பல பேரிடம் பல துண்டுகளாகக் கிடக்கும் செய்தியைச் சேர்த்துத்தான் ஒரு துருசை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பொறியியலாளருக்கு ஒன்று தெரியும், வாய்க்கால் காப்பவருக்கு வேறொன்று, கமக்காரருக்கு மற்றொன்று. எவருக்கும் முழுதாகத் தெரியாது.

பழைய நாளில் இந்தத் துண்டுகள் ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தன. வயல் விதானை. அவர் சொன்னால் வரம்பு கட்ட வேண்டும், அவர் சொன்னால் மாடு கட்ட வேண்டும். நல்ல விதானை வாய்த்த ஊரில் எல்லாம் நன்றாக நடந்தது. மற்ற ஊர்களில் அவருடைய உறவினர் வயலுக்கு முதலில் தண்ணீர் போனது. 1958 இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானைமாரை நீக்கி, கமக்காரரே தேர்ந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. சட்டம் எழுதுவது எளிது. ஒருவர் தலையில் இருந்த அறிவைக் குழுவின் தலைக்கு மாற்றுவதுதான் சிரமம்.

மாறாமல் நின்றது போகத்துக்கு முந்திய கூட்டம். அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை, வங்கி, கமக்காரர் எல்லோரும் இருப்பார்கள். எப்போது முதல் தண்ணீர், எப்போது கடைசித் தண்ணீர், என்ன வயதுள்ள நெல், கால்நடையை எந்தத் தேதிக்குள் அப்புறப்படுத்துவது என்று முடிவெடுத்துக் கூட்டறிக்கையில் எழுதுவார்கள். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அந்த முடிவு கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்தும்.

காலபோகத்தில் மழை பாதிப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கூட்டத்தின் கெட்டித்தனம் சிறுபோகத்தில்தான் தெரியும். குளத்தில் நிற்பது எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று கணக்கிட்டு, தண்ணீர் வீணாகாமல் போகக்கூடிய ஒரு பகுதியைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் காணிக்கேற்ற பங்கை அதற்குள் ஒதுக்குவார்கள். அந்தப் பகுதியில் காணி இல்லாதவர் இன்னொருவர் காணியில் தன் பங்கை விதைப்பார். உறுதியில் ஒருவர் பெயர், இந்தப் போகத்தில் உழுபவர் வேறொருவர். சிங்களக் கிராமங்களில் பெத்மா என்று இதையொத்த முறை உண்டு. எந்த நிறுவனத்தின் ஆளணிப் பிரிவும் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு. வேலை, இடம், பொறுப்பு மூன்றையும் ஒரு போகத்துக்குக் கலைத்து அடுக்கிவிட்டு, அடுத்த போகத்தில் பழையபடி வைத்துவிடுகிறார்கள். பூசல் வராமலா? வரும். ஆனால் பூசலைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு கூட்டம் இருந்தது.

இப்படிக் கூடிப் பேசித் தண்ணீர் பங்கிடுவதன் அடுத்த கட்டம் அம்பாறைப் பக்கம் கல்லோயாவில் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொவ்வும் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் இளைஞர்களை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பி, சிறு வாய்க்காலுக்கு ஒரு பிரதிநிதி என்று கமக்காரரே தெரிவுசெய்ய வைத்தார்கள். 1981 இல் அங்குள்ள குளத்தில் கால்வாசி நீர்தான். அந்த வருடம் மேல்மடைச் சிங்களக் கமக்காரர் வாய்க்காலைத் துப்புரவாக்கி, நீரை மிச்சம்பிடித்துக் கீழேயிருந்த தமிழ்க் கமக்காரருக்கு விட்டார்கள். திணைக்களத்தின் அட்டவணை செய்யாததை வாய்க்கால் ஓரத்துப் பேச்சு செய்தது. பின்னால் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் கமக்காரர் அமைப்புகள் உறுதியான இடம் பெற்றதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

எழுதிய ஒழுங்கு செய்யாததைப் பேச்சு செய்யும் என்பதைக் கம்பனி உலகம் வேறொரு வாசலால் கண்டுகொண்டது. ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் சிறொக்ஸ் நிறுவனத்தின் திருத்துநர்களோடு திரிந்தார். இந்தப் பழுது என்றால் இதைச் செய், அது சரிவராவிட்டால் அதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு அவர்களிடம் இருந்தது. பிரதி எடுக்கும் இயந்திரங்களோ கையேட்டில் இல்லாத விதங்களில் பழுதாயின. திருத்துநர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் கூடி, நேற்றுப் பார்த்த விசித்திரப் பழுதைக் கதையாகச் சொல்லித்தான் ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள். நிறுவனம் பிறகு அந்தக் கதைகளைச் சேர்க்கும் ஒரு தரவுத்தளத்தை அமைத்தது. யூரேக்கா என்று பெயர். குறிப்பு எழுதியவரின் பெயரும் அதில் நிற்கும். 1990களில் அலுவலகங்களுக்கு விற்கப்பட்ட மென்பொருள்கள் பலவும் பரந்தன் ஆலையின் பாணியில் இருந்தன: ஒரு கோப்பு இவரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து மேலே. விதிவிலக்கு வந்ததும் ஆட்கள் மென்பொருளை விட்டுவிட்டு மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் ஓடினார்கள். இப்போதுள்ள ட்ரெலோ போன்ற பலகைகள் பெரும்பாலும் பாதையை எழுதுவதில்லை. வேலை எது, யார் பொறுப்பு, எங்கே நிற்கிறது, ஏன் தாமதம் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கின்றன. பாதையை வேலை செய்பவர்களே போகப் போக உண்டாக்குகிறார்கள்.

மறுபடி பரந்தனுக்கு. போர் முடிந்து 2010 அளவில் சனம் திரும்பியபோது வரம்புகள் காட்டுக்குள் கிடந்தன. வெளிநாட்டுக்குப் போனவர், இறந்தவர், காணாமற்போனவர் என்று வாய்க்கால் அறிந்த தலைகள் பல இல்லை. பிறகு விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு குளக்கட்டும் வாய்க்கால்களும் புனரமைக்கப்பட்டன; இன்று குளம் 36 அடி கொள்ளும். கைபேசியும் அந்த ஆண்டுகளில்தான் வந்து நிறைந்தது.

முன்னர் சைக்கிளில் போய்ச் சொன்ன செய்தி இப்போது வட்ஸ்அப் குழுவில் வருகிறது. “அண்ணை, எங்கட வாய்க்காலுக்கு இன்னும் தண்ணி வரேல்லை” என்று ஒரு குரல் பதிவு. அதன் கீழே காய்ந்த வாய்க்காலின் படம். அரை மணித்தியாலத்தில் மேலே எங்கோ அடைத்திருந்த பற்றையின் படம். இது சின்ன விஷயமில்லை. விதானையின் காலத்தில் கடைசி வயல்காரரின் முறைப்பாடு மேலே போய்ச் சேர ஒரு கிழமை பிடித்திருக்கும், சேராமலும் போயிருக்கும்.

அவசரத்துக்கு இது போதும் என்று நினைக்கலாம். ஆனால் 2018 டிசம்பரில் கனமழை கொட்டிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்து விசாரணை வரை போனது. யார் பக்கம் சரி என்பது என் பேச்சல்ல. அப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்ல எது வேண்டும் என்பதே என் அக்கறை. எத்தனை மணிக்கு எத்தனை அடி, யார் யாரிடம் சொன்னார், திறப்பதற்கோ பொறுத்திருப்பதற்கோ என்ன காரணம் காட்டினார் என்பவை ஒரே இடத்தில், ஒழுங்கில் இருக்க வேண்டும். உரையாடல் குழுவில் இவை பிறந்தநாள் வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும்.

குளத்துக்கு அருகே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அங்கிருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் பட்டதாரிகள் வேலைப்பலகையில்தான் நாளைத் தொடங்குவார்கள். அவர்களுடைய தகப்பன்மார் சிலர் வாய்க்கால் பிரதிநிதிகளாகவும் இருக்கக்கூடும். இரண்டு தலைமுறையும் ஒரே வகை வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் மகனுடைய வேலை பதிவாகிறது, தகப்பனுடையது பதிவாவதில்லை. அதையும் பதிவுசெய்யப் பெரிய செயலி எதுவும் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கூட்டறிக்கையில் எழுதிய திட்டத்தின் பக்கத்திலேயே, பின்னர் அதிலிருந்து விலகியது எப்போது, யார் சொல்லி, எதனால் என்று மூன்று நிரல் இருந்தால் போதும். கொப்பியிலும் எழுதலாம், பலகையிலும் எழுதலாம்.

இன்றைய நிலையில் கச்சேரிக் கோப்பில் இருப்பது திட்டம் மட்டும். அந்தத் திட்டத்தைப் போகம் முழுதும் வளைத்து வளைத்து நடத்திய கதை கைபேசிகளில் இருக்கிறது. புதிய பிரதிநிதியைக் குழுவில் சேர்க்கும்போது அவருடைய திரையில் பழைய போகத்தின் பேச்சு இருப்பதில்லை. முந்தைய சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு ஏன் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் விடப்பட்டது என்று அறிய, அவர் பழையவரின் வீட்டுக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும்.