நடுவரில்லா ஆட்டம்

பந்தொன்றைக் கொடுத்துவிட்டால் இளைஞர் தாமாகவே ஒன்றுகூடிவிடுவர் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். மொழியாலும் சமயத்தாலும் பண்பாட்டாலும் வேறுபட்டோரை இணைக்க உதைபந்தாட்டமே சாலச் சிறந்த வழியென மேடைகளில் முழங்குவாரும் உளர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை அன்று. பந்து நட்பை வளர்ப்பது போலவே பகையையும் வளர்க்கும். எப்பொழுது நட்பு விளைகின்றது, எப்பொழுது பகை விளைகின்றது என்பதே நாம் ஆராயத் தக்கது.

1994ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி, உலகக் கிண்ணப் போட்டியொன்றில் கொலம்பியாவும் ஐக்கிய அமெரிக்காவும் மோதின. கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார் தடுக்க முயன்ற பந்து, அவர் காலிற் பட்டுத் தம் அணியின் கோலுக்குள்ளேயே புகுந்தது. கொலம்பியா 2–1 எனத் தோற்றது. பத்து நாட்களின் பின், யூலை 2ஆந் திகதி, தாம் பிறந்த மெடலின் நகரிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கோலைக் குறித்து எழுந்த ஏளனமும் வாக்குவாதமும் கொலையில் முடிந்தன. அப்பொழுது அவருக்கு வயது 27.

அக்காலத்தில் மெடலினில் வாழ்ந்தவர் யூர்கன் கிரீஸ்பெக் என்னும் ஜேர்மனியர். எந்த ஆட்டம் சினத்தை மூட்டியதோ அதே ஆட்டத்தைக் கொண்டு சினத்தை ஆற்றவியலாதா என அவர் எண்ணினார். வன்முறைக் குழுக்களாற் பிளவுண்டு கிடந்த குடியிருப்புகளின் இளைஞருக்காக, 1996ஆம் ஆண்டில் ‘அமைதிக்கான உதைபந்தாட்டம்’ என்னும் இயக்கம் தொடங்கிற்று. ஆடுகளம் தெருவளவே. ஒவ்வோர் அணியிலும் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் ஆடல் வேண்டும். முதற் கோலைப் பெண்பிள்ளையே போடல் வேண்டும். யாவற்றினும் வியப்பானது, ஆட்டத்திற்கு நடுவர் இல்லை என்பது.

இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவி, மூன்று பகுதிகளையுடைய ஆட்டமாக வளர்ந்தது. முதற் பகுதியில் இரு அணியினரும் வட்டமாகக் கூடி, அன்றைய ஆட்டத்துக்குரிய விதிகளைத் தாமே பேசி வகுப்பர். இரண்டாம் பகுதி ஆட்டம். தவறு செய்தவன் தானே கையுயர்த்தி ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியில் மீண்டும் கூடி, உடன்பட்ட விதிகளை எவர் காத்தார், எவர் மீறினார் என்று ஒருவரையொருவர் நோக்கிப் பேசி, நேர்மைக்கெனத் தனிப் புள்ளிகள் வழங்குவர். கோல்களில் வென்ற அணி இப்புள்ளிகளால் முடிவிற் பின்தங்கவும் கூடும். இணக்குநர் ஒருவர் அருகே இருப்பார். அவர் பேச்சை நடத்துவாரேயன்றித் தீர்ப்புக் கூறார்.

இதன் நுட்பம் யாது? நடுவர் இருக்கும் ஆட்டத்தில், எதிரணியான் நமக்குத் தடை மாத்திரமே. அவனோடு ஒரு சொல்லும் பேசாமலே வென்றுவிடலாம். நடுவர் இல்லாத ஆட்டத்திலோ, எதிரணியானின் சம்மதமின்றி ஆட்டமே தொடங்காது. அவன் சொல்லை நம்பாவிடின் ஆட்டம் நடவாது. ஆகவே, இணைப்பது பந்து அன்று. பந்தின்பொருட்டுச் செய்துகொள்ளும் உடன்பாடே.

இம்முறை பல நாட்டு இளைஞரிடையேயும் சோதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்தபொழுது, துருக்கியிலிருந்து வந்து குடியேறியோர் மிகுந்த பேர்லின் நகர்ப் பகுதியாகிய குறொய்ஸ்பேர்க்கில், தெரு உதைபந்தாட்ட விழா நிகழ்ந்தது. 2010இல் அத்தகைய விழா தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகரைச் சார்ந்த அலெக்சாந்திராவில் நடந்தது. அவ்விடத்தின் வரலாறு கருதத் தக்கது. அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோர்மீது 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த வன்செயல் அலெக்சாந்திராவிலேதான் தொடங்கிப் பிற இடங்களுக்குப் பரவிற்று. அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நியர் விரட்டப்பட்ட அதே ஊரில், இரண்டாண்டுகளின் பின் உலகின் பல பாகங்களிலிருந்தும் 32 அணிகள் வந்து நடுவரின்றி ஆடின.

இதனால் அவ்வூரின் வறுமையும் வேலையின்மையும் நீங்கினவா எனில், இல்லை. ஒரு வார விழா அவற்றை நீக்காது. பகைக்கு வேர் வேறிடத்தில் உண்டு. பந்து அதனைத் தொடாது. ஆயின், முரண்பாடு தோன்றும்பொழுது கையை ஓங்காமல் வாயைத் திறக்கும் பழக்கம் இளமையிலே எங்கேனும் பயிலப்படல் வேண்டுமன்றோ? ஏட்டில் அதனைப் படிப்பிக்கலாம், பழக்குவது அரிது.

ஆசிரியராகிய நாமும் இதனால் ஒன்று கற்றுக்கொண்டோம். மாலையில் மாணவர் மைதானத்திற் பிணங்கும்பொழுதெல்லாம் நாம் ஓடிச்சென்று ஊதுகுழலை ஊதித் தீர்ப்புக் கூறிவந்தோம். பிணக்கு அடங்கும், பிணங்கிய இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காமலே வீடு செல்வர். நீதி வழங்கினோம் என்று மகிழ்ந்திருந்த நாம், அவர்கள் தாமே பேசித் தீர்க்கும் வாய்ப்பைப் பறித்ததை உணர்ந்திலோம்.

யூபிலி ஆண்டிலே பிற கல்லூரிகளின் அணிகளை அழைத்து ஆடுவது மரபு. பிறமொழி பேசும் மாணவரும் வரும் அத்தகைய ஒரு மாலையிலேனும், இரு அணிகளையும் கலந்து, ஊதுகுழலைப் பையில் வைத்துவிட்டு ஆடவிட்டுப் பார்த்தாலென்ன? முதலிற் கூச்சல் மிகும். சிறிது பொறுத்தால், அக்கூச்சல் பேச்சாக மாறுவதைக் காணலாம்.