"எம் மகளுக்கு டாக்டர் சீட் கிடைக்குமா?"

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும்... 'நீட்' எழுதப் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் டி.வி. சத்தம் அடங்கிவிடும். விருந்தாளி வந்தால்கூட, "மெதுவாப் பேசுங்க மதினி, பாப்பா படிக்குது" என்று வாசலிலேயே உஷார்படுத்திவிடுவார்கள். மதுரை என்றில்லை, திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கிற டி. கல்லுப்பட்டியிலும் இதே கதைதான்.

அந்த விருந்தாளி சும்மா இருப்பாரா? "இருபது லட்சம் பேர் எழுதுற பரீட்சையாமே... நம்ம பிள்ளைக்கு எங்கிட்டு கிடைக்கப் போகுது?" என்று ஒரு குண்டைப் போடுவார். அடுத்து வருகிறவர், "அட, கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்குத்தான் தனி கோட்டா இருக்கே! பாஸ் பண்ணினாலே சீட்டுதான்" என்பார்.

இரண்டு பேர் சொல்வதும் தப்பு! முதல் ஆள் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறார். இரண்டாவது ஆள் சொன்னதை நம்பினால், ரிசல்ட் வந்த பிறகு மொத்தக் குடும்பமும் தூக்கத்தை இழக்கும்.

எந்த வரிசையில் நிற்கிறாள்?

இருபது லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். ரேஷன் கடையில் அரிசிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை நிற்குமே, அதே மாதிரிதான் இதுவும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85 சதவீதம் நம் மாநிலப் பிள்ளைகளுக்கு. அதைத்தான் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று இனவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று 2020-ல் சட்டம் வந்தது. ஆக, உங்கள் மகளுக்குப் போட்டி டெல்லிப் பையன் அல்ல. அவளுடைய பிரிவில், அரசுப் பள்ளியில் படித்த மற்ற பிள்ளைகள்தான்.

இதனால் என்ன வித்தியாசம் வந்துவிட்டது என்கிறீர்களா? 2019-ல் அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க வெறும் 6 பேர். சட்டம் வந்த 2020-ல் இந்த ஒதுக்கீட்டில் ஒதுக்கிய இடங்கள் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 313, பல் மருத்துவத்துக்கு 92. ஆறு எங்கே, 313 எங்கே!

அந்த முதல் வருஷமே ஒரு கொடுமையும் நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், பணம் கட்ட வழியில்லாமல் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார்கள். கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அதனால் தனியார் கல்லூரி என்றதும் பயந்து பின்வாங்காதீர்கள்.

இந்த வரிசையில் யார் நிற்கலாம்? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை 2020 சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே தெரு, அதே கூலி வேலை பார்க்கிற அப்பா, ஆனால் பள்ளிக்கூடம் வேறு என்பதால் வரிசையும் வேறு! இது நியாயமாகப் படவில்லை. என்ன செய்ய, சட்டம் அப்படி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

"தோப்பூர்ல எய்ம்ஸ் வருதே, நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவாங்கல்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. கிடையாது. எய்ம்ஸ் இடங்கள் முழுக்க அகில இந்தியக் கலந்தாய்வு மூலமாகத்தான் நிரம்பும்.

'பாஸ்' என்றால் சீட்டு இல்லை!

2025-ல் 720-க்குப் பொதுப் பிரிவில் 144-ம், மற்றப் பிரிவுகளில் 113-ம் எடுத்தவர்கள் தகுதி பெற்றார்கள். வரிசையில் நிற்பதற்கான டோக்கன்தான் அது. ஒதுக்கீட்டுக்குள்ளேயே அதைவிட நிறைய மார்க் வாங்கியவர்கள் முன்னால் நிற்பார்கள். போதாக்குறைக்கு, போன வருஷம் தவறவிட்டு மறுபடி எழுதுகிறவர்களும் அதே வரிசையில்தான்! தேர்வுக் குழு வருஷா வருஷம் பட்டியல் வெளியிடுகிறது. அதில் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பிடித்தவரின் மார்க்கைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற எந்தக் கணக்கையும் விட அது நிஜம்.

அப்புறம் இன்னொன்று. மொத்தம் 180 கேள்வி, அதில் 90 உயிரியல். அதாவது சரிபாதி! இயற்பியலைக் கண்டு நடுங்குகிற பிள்ளையிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ராத்திரி இரண்டு மணி வரை முழிக்கலாமா?

கூடாது. 13 முதல் 18 வயது வரை 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பத்திரப்படுத்துவதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. 2025-லிருந்து 180 கேள்விக்கு 180 நிமிஷம் என்றாகிவிட்டது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்! தூக்கம் கெட்ட பிள்ளை கேள்வியில் வரும் 'தவறானது எது' என்பதை 'சரியானது எது' என்று படித்துவிட்டு வரும். நாலு மார்க் போவதோடு, தப்புக்கு ஒரு மார்க் வேறு கழியும்.

"படிச்சது மண்டையில நிக்கலம்மா" என்று பெண் பிள்ளை சொன்னால் திட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் சோர்வு, தலைவலி, மாடி ஏறினால் மூச்சுவாங்கல், கவனச் சிதறல் எல்லாம் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தரம் நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அது பல வீட்டில் புத்தகப் பையின் அடியில்தான் கிடக்கும். "குமட்டுது" என்பாள். வெறும் வயிற்றில் போட்டால் அப்படித்தான் இருக்கும், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒட்டினாற்போல டீ குடிப்பதை மட்டும் நிறுத்துங்கள், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது கெடுத்துவிடும். முருங்கைக்கீரை, கம்பு, வறுத்த கடலை, கூடவே ஒரு நெல்லிக்காய். அசைவக்காரர்கள் ஆட்டுச் சுவரொட்டி வாங்கி நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஜே.சி. குமரப்பா, கடைசிக் காலத்தில் வந்து தங்கியது இந்தக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். தீட்டிய வெள்ளை அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள் என்று பல வருஷம் எழுதியவர் அவர். அந்த ஊரிலேயே இன்று படிக்கிற பிள்ளைக்கு டீயும் பிஸ்கட்டும்தான் ராத்திரிச் சாப்பாடு என்றால் மனுஷர் என்ன நினைப்பாரோ!

பரீட்சை நாளன்று...

2025-ல் நீட் நடந்தது மே 4. அக்னி நட்சத்திரம் தொடங்கிய அதே நாள்! அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. கேட்டை ஒன்றரைக்கே மூடிவிடுவார்கள். அதனால் பதினொன்றரை வாக்கில் தயிர்சாதமோ இட்லியோ, வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுங்கள். பிரியாணி வேண்டாம். போகிற வழியில் மோர் குடிக்கட்டும்.

மாதவிலக்கு அன்றைக்கு வந்துவிடுமோ என்று தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்காமல் செய்யவே கூடாது. வயிற்றுவலிதான் பிரச்னை என்றால் அதற்குரிய மாத்திரையை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மார்க் குறைந்தால்?

கதவு ஒன்றே ஒன்றுதான் என்று பிள்ளையை நம்ப வைப்பதுதான் ஆபத்து. அரியலூர் மாவட்டத்து அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவர். நீட்டால் மருத்துவ இடம் கைநழுவிப்போக, 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். பரீட்சை முறை சரியா தப்பா என்ற வாதம் நடந்துகொண்டே இருக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளையை நாம் பார்க்க வேண்டும் அல்லவா?

கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் எல்லாவற்றுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கொடுத்து வருகிறார்கள். 2021 சட்டப்படி அங்கேயும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உண்டு. மதுரை ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது, தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த விண்ணப்பங்களை நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திராமல் போட்டுவிடுங்கள். பல வீடுகளில் தேதி தவறிப்போவது இங்கேதான்.

ரிசல்ட் வந்த அன்று ராத்திரி பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஒரே ஒருவேளை சாப்பிடாமல் படுத்தால் அது வருத்தம். நாலைந்து நாளாகத் தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். 104, 14416 இரண்டுமே இலவச எண்கள். ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளை பேசத் தயங்கினால் அம்மாவோ அப்பாவோ முதலில் பேசலாம்.