இரவுச் சாலையில் ஓர் ஒளி ஆறு

வாகன விளக்குகளை நீண்ட கோடுகளாக்கும் வீடியோ உத்தி எளிதானதுதான். ஆனால் அந்தக் காட்சியிலிருந்து காணாமல் போகிறவர்கள் யார்?

மும்பை மலபார் ஹில்லின் கமலா நேரு பூங்காவிலிருந்து பார்த்தால் மரைன் டிரைவின் வளைவு கண்ணுக்கு விருந்து. இரவில் அங்கிருந்து வீடியோ எடுத்தால் கிடைப்பதோ ஊர்ந்து செல்லும் வெளிச்சப் புள்ளிகள்தான். விளம்பரப் படங்களில் மட்டும் அதே விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக இழையோடுவது எப்படி?

எல்லாம் கணக்குதான். வினாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு பிரேமில் வெளிச்சம் பதிய அதிகபட்சம் 1/25 வினாடியே கிடைக்கும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகும் கார் அதற்குள் 60 செ.மீ.தான் நகரும். ஸ்டில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரை 4 வினாடி திறந்து வைத்தால் அதே கார் 60 மீட்டருக்குக் கோடு இழுத்துவிடும். இப்படி வரிசையாக எடுத்த படங்களை வினாடிக்கு 25 வீதம் ஓட்டினால் ஒளி ஆறு தயார். 10 வினாடிக் காட்சிக்கு 250 படங்கள் தேவை. 5 வினாடிக்கு ஒரு படம் என்றால் சுமார் 21 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சூரியன் மறைந்த அரை மணிக்குள், வானில் நீலம் மிச்சமிருக்கும்போது எடுப்பது நல்லது. சிக்னல் அருகே வேண்டாம்; நிற்கும் வண்டிகளின் பிரேக் விளக்குகள் சிவப்புத் திட்டாகப் பதியும். சாலைக்கு மேலுள்ள நடைபாலத்தின் நடுவில் நின்றால், நம் நாட்டில் இடப்பக்கம் சிவப்புக் கோடுகளும் வலப்பக்கம் வெள்ளைக் கோடுகளும் ஓடும்.

ஏற்கனவே எடுத்த வீடியோவுக்கும் வழி இருக்கிறது. அடுத்தடுத்த பிரேம்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமானதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். சராசரி எடுத்தால் கோடு மங்கிவிடும். ஷட்டர் வேகம் அதிகமாக இருந்திருந்தால் கோடு துண்டு துண்டாகத் தெரியும்.

1982ல் வெளிவந்த 'கொயானிஸ்காட்சி' படத்தில் ரான் ஃபிரிக் இப்படிக் காட்டிய அமெரிக்க நகரச் சாலைகள் பலருக்கு முன்மாதிரியாயின. ஆனால் நீண்ட நேரம் திறந்திருக்கும் ஷட்டரின் குணம் அதைவிடப் பழையது. 1838ல் பாரிஸ் தெரு ஒன்றை லூயி தாகேர் படமெடுத்தபோது, பல நிமிடப் பதிவில் நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மக்களும் மறைந்துபோனார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட அசையாமல் நின்ற ஒருவர் பதிவானார்.

இன்றும் அப்படித்தான். விளக்கில்லாமல் நகர்பவர்கள் படத்தில் விழுவதில்லை: சாலையைக் கடப்பவர், சைக்கிள்காரர், தள்ளுவண்டிக்காரர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஒளி ஆற்றில் அவர்களுக்குக் கோடு கிடையாது. கேமரா பார்க்கத் தவறினால் நஷ்டமில்லை. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் தவறக் கூடாது.