பாயும் பரிசலும்: மார்த்தினீக்குத் தீவின் படகு விழா

பாய் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில், சேலம் நாமக்கல் சமவெளியிற் பிறந்த எமக்கு நினைவில் வருவது கோரைப்பாயேயாகும். மோகனூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையில் வளருங் கோரையை அறுத்து உலர்த்தி நெய்து, திண்ணையில் விரித்துப் படுத்தலே எம்மவர் பாயினாற் கொண்ட பயன். கடற்கரை நாட்டார்க்கோ அச்சொல்லே காற்றை வாங்கிக் கலத்தைச் செலுத்தும் பாயையுங் குறிக்கும். துணியாற் பாய் தைத்தல் பரவுமுன், புல்லாலும் ஓலையாலும் முடைந்த பாய்களையே மரத்திற் கட்டிக் கலமோட்டினர் பலர். எம்மூரிலிருந்து கடலைக் காணவேண்டுமாயின் கிழக்கே நூறு மைலுக்கு மேற் செல்லல் வேண்டும். இத்தகைய யாம் கடற்பந்தயம் ஒன்றனைப்பற்றி எழுதப் புகுந்தது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் அப்பந்தயத்திற்கும் தமிழ்நாட்டு உழவர்க்கும் ஓர் உறவு உண்டென்பது மேலே விளங்கும்.

மேற்கிந்தியத் தீவுகளுள், கரீபியக் கடலுக்கும் அத்லாந்திக்குப் பெருங்கடலுக்கும் இடையே வரம்புபோல் வளைந்து கிடக்கும் சிறுதீவு வரிசையில் உள்ளது மார்த்தினீக்கு. அது பிரெஞ்சுக் குடியரசிற்கு உட்பட்டது. அதன் பரப்பு 1,128 சதுர கிலோமீட்டர். சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு என்னலாம். வடபாகத்தில் பெலே என்னும் எரிமலை 4,583 அடி உயர்ந்து நிற்கின்றது. எம் ஏர்க்காட்டினும் சற்றுத் தாழ்ந்ததே. ஆனால் ஏர்க்காடு எவரையும் வருத்தியதன்று. பெலேயோ 1902-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாட் காலையில் வெடித்து, அடிவாரத்திலிருந்த சேன்பியேர் நகரைச் சில நிமிடங்களிற் சாம்பலாக்கிற்று. மாண்டவர் ஏறத்தாழ 28,000 பேர். அத்தீவின்மேல் கிழக்குத் திசையிலிருந்து இடையறாது வீசும் காற்றைப் பூகோள நூலார் வியாபாரக் காற்று என்பர். ஆகலின் கிழக்குக் கரை அலை மிக்கது; மேற்குக் கரை மலையின் மறைவில் அடங்கிக் கிடப்பது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டாலன்றிப் பந்தயத்தின் சுவை புலப்படாது.

ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டு முதல் வாரத்தில் முடியுமாறு, ஏறத்தாழ எட்டு நாள், யோல் என்னும் பாய்ப்படகுகள் அத்தீவைச் சுற்றி ஓடும். 1985 முதல் இவ்விழா நடந்து வருகின்றது. ஒவ்வொரு நாளும் ஓரூரிற் புறப்பட்டு மற்றோரூரில் ஒதுங்குவர். லெபிரான்சுவா, லெரொபேர், சேந்த்தான், தலைநகராகிய போர்தெபிரான்சு என்பன அவ்வாறு படகுகள் தங்கிய துறைகளுட் சில. தீவார் பலர் தம் விடுமுறையை இவ்வாரத்திற்கென்றே ஒதுக்கி வைக்கின்றனர். குடும்பத்தோடு கடற்கரையிற் கூடாரமடித்துச் சமைத்துண்போர் ஒருசாரார். வேறு படகுகளில் ஏறி, ஆடலும் பாடலுமாகப் பந்தயத்தின் பின்னே ஊர்ந்து செல்வோர் ஒருசாரார். தேர் நான்கு வீதியுஞ் சுற்றி நிலைக்கு வருமட்டும் ஊரே அதன் பின் செல்லுமன்றோ? அங்கோ தேர்க்கு வடம் காற்று; வீதி, தீவைச் சூழ்ந்த கடல். அயல்நாட்டிலிருந்து வந்து விடுதிகளிற் றங்கும் செல்வரும் இதனைக் காண்கின்றனர். ஆனால் இது அவர்பொருட்டு எடுத்த விழாவன்று. தீவார் தமக்கென எடுத்தது.

இனி யோல் என்னும் படகைப்பற்றிச் சிறிது விரித்துரைப்போம். அது ஏறத்தாழ 34 அடி நீளமுள்ளது, ஒடுங்கியது, பலகையால் இயன்றது. பாய்க்கப்பல்கள் கவிழாதிருத்தற்பொருட்டு அடியிற் பாரமேற்றுதல் வழக்கம். யோலில் அடிபாரம் இல்லை. பக்கவாட்டில் ஒதுங்காதிருத்தற்கு நீருள் இறங்கி நிற்கும் அடிப்பலகையும் இல்லை. சுக்கானும் இல்லை, பின்னணியத்திற் பெரியதொரு துடுப்பைப் பிடித்தே திசை திருப்புகின்றனர். (அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்திற் பவுல் ஏறிய கப்பலுக்குச் சுக்கான்கள் எனப் பன்மையிற் கூறியிருப்பதை நண்பர்கள் படித்திருப்பர். பழங்காலக் கப்பல்களின் சுக்கான்கள் இத்தகைய பெருந்துடுப்புக்களே.) இவை யாவும் இல்லாமையைக் கண்டு, "எம் மேட்டூர்ப் பரிசல் போன்றதோ" என எண்ணினோம். பரிசலுக்கும் இவை இல்லையே! ஆனால் பரிசல் அகன்று வட்டமாயிருத்தலின் தானே மிதந்து நிற்கும். சுழலுமேயன்றி எளிதிற் சாயாது. யோலோ ஒடுங்கிய மேனியின்மேல் உயர்ந்த பாயைத் தாங்குவது. காற்றுப் பட்டவுடன் அது கவிழவேண்டும். கவிழாமற் காப்பவை மனிதர் உடல்களே.

அதுவும் எவ்வாறெனின், காற்று வரும் பக்கத்தில் நீண்ட மரக்கழிகளைப் படகிற் செருகிக் கடலின்மேல் நீட்டுகின்றனர். படகினர் பன்னிரண்டு பதினான்கு பேருட் பலர் அக்கழிகளின்மேல் ஏறி, நீருக்கு மேலே தொங்கினாற்போற் சாய்ந்து கிடக்கின்றனர். காற்று வலுத்தால் கழியின் நுனிமட்டும் நகர்வர். தளர்ந்தால் உள்ளே நகர்வர். ஒருவர் பிந்தினும் படகு சாயும். பாய் பக்கம் மாறுங்கால் கழிகளையெல்லாம் உருவி, மறுபக்கத்திற் செருகி, எல்லாரும் அப்புறம் ஏறல் வேண்டும். படகுகள் கவிழ்தல் அரிதன்று. கவிழ்ந்தோர் நீந்திப் பற்றிக்கொள்வர்.

இதனைப் படங்களிற் கண்டபோது எமக்குத் தோன்றிய உவமை ஏற்றமேயாகும். எம் பக்கத்து மேட்டுநிலக் கிணறுகளில் எருது பூட்டிய கவலையே மிகுதியாயினும், ஆற்றோரங்களில் ஏற்றமும் இருந்தது. பம்பு வந்தபின் இரண்டும் மறைந்தன. ஏற்றமரத்தின்மேல் நின்றவர் முன்னே நடந்தாற் சால் தாழும்; பின்னே நடந்தால் நீரோடு எழும். கீழே நின்று சாலைக் கவிழ்ப்பவர்க்கும் மேலே நடப்பவர்க்கும் அடி பிசகாதிருத்தற்கே ஏற்றப்பாட்டு எழுந்தது. மனிதனே நிறைகல்லாகும் இத்தொழிலை அறிந்த பாட்டனார் ஒருவரிடம் யோலின் படத்தைக் காட்டினால், அவர்க்கு நாம் ஒன்றும் விளக்க வேண்டுவதில்லை.

காற்று பின்னிருந்து தள்ளக் கலம் முன்னே செல்லுதல் யார்க்கும் விளங்கும். எதிர்க்காற்றிற் செல்லுதல் யாங்ஙனம்? நேரே எதிர்த்துச் செல்லல் எப்பாய்க்கும் இயலாது. ஆனால் சிறிது சாய்வாகச் செல்லலாம். அவ்வாறு வலஞ்சாய்ந்து சிறிது தூரமும், இடஞ்சாய்ந்து சிறிது தூரமுமாக மாறிமாறிச் சென்று, காற்று வரும் திக்கையே அடைதல் கூடும். கொல்லிமலைச் சாலை எழுபது கொண்டையூசி வளைவுகளால் மலையேறுவதுபோல என்க. சாய்வாகப் பட்ட காற்று பாயின் வளைவில் ஓடுங்கால் பறவைச் சிறகிற் போல ஓர் இழுப்பு உண்டாகின்றது. அதுவே கலத்தை முன்னிழுக்கும். அடிப்பலகை இல்லாத யோல், இவ்வாறு செல்லுங்கால் ஏனைப் படகுகளினும் மிகுதியாகப் பக்கத்தே ஒதுங்கும். ஆதலின் ஒவ்வொரு வளைவும் அப்படகினர்க்கு இருமடங்கு உழைப்பு. கிழக்குக் கரையிற் காற்றோடு போராடி முந்திய படகு, மேற்கே பெலேயின் மறைவிற் காற்றின்றி நிற்க, பிந்தியது கரையோரத்து இளங்காற்றைப் பிடித்துக் கடந்து செல்லுதலும் நேரலாம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தினான் என்று வெண்ணிக்குயத்தியார் புறநானூற்று 66-ஆம் பாட்டிற் குறித்திருப்பது வெறும் புகழ்ச்சியன்று என்பது இதனை அறிந்தபின்னரே எமக்குத் தெளிவாயிற்று.

யோல் விளையாட்டிற்கென்று பிறந்ததன்று. அத்தீவின் மீனவர் முன்னாளில், பழங்குடியினரிடமிருந்து கற்றவாறு, கொம்மியே என்னும் மரத்தைக் குடைந்து ஓடம் செய்தனர். அம்மரம் அருகவே, 1940-ஐ அடுத்த ஆண்டுகளிற் பலகையாலாய யோல் தோன்றிற்று. முதலிற் கரை சேர்ந்தவன் மீன் முதலில் விலைபோமாதலின், வீடு திரும்புதலே நாள்தோறும் பந்தயமாயிற்று. பின்னர் இயந்திரப் படகுகள் வந்து மீன்பிடித்தொழிலிலிருந்து பாயை அகற்றின. பந்தயம் ஒன்றே பாயைக் காத்தது. யுனெஸ்கோ சங்கம் 2020-ஆம் ஆண்டில், மரபு பேணும் நன்முறைகளின் பதிவேட்டில் இம்முயற்சியைச் சேர்த்தது. பாய்களின்மேல் வணிகர் தம் பெயரைப் பெரிதாக எழுதியிருத்தலே எமக்குக் கண்ணுறுத்துகின்றது, அவர் பொருளின்றி விழா நடவாதென்பர், இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பரிசலோ தொழிலாகவே நிற்கின்றது. அதனைப் போற்ற ஒரு விழாவும் எழுந்திலது.

மேலே குறித்த உறவு யாதெனிற் கூறுதும். 1848-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளின்றித் தவித்து, இந்தியாவை நோக்கினர். ஒரேலி என்னும் பாய்க்கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் முதற்கூட்டத்தாரை மார்த்தினீக்கில் இறக்கிற்று. 1883 வரை ஏறத்தாழ 25,000 பேர், பெரும்பாலுந் தமிழர், அங்குச் சென்றனர். ஏறிய துறைகள் புதுச்சேரியும் காரைக்காலும். 1861-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷார் ஆண்ட ஜில்லாக்களிலிருந்தும் ஆள் சேர்த்தல் சட்டப்படி நடந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பிரயாணம். சென்றவர் மரக்கலம் ஓட்டும் பரதவர் அல்லர். ஏரும் மண்வெட்டியும் பிடித்து, மழை பொய்த்தமையாலும் கடனாலும் ஊர்விட்டவரே பலர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திற் சேலம் ஜில்லா எத்துணை வருந்தியது என்பதை இப்பக்கத்தார்க்கு யாம் சொல்லவேண்டுவதில்லை. சென்றவருள் ஒரு பகுதியினரே திரும்பினர்.

எஞ்சியவர் மொழியை இழந்தனர். பலர் உரோமன் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தனர். ஆயினும் வடபாகத்துப் பாஸ்புவாந்து ஊரிற் கோயில் உண்டு. நம் ஊரெல்லைக் காவலனாகிய மதுரைவீரன் அத்தீவில் மல்தெவிலின் என்னும் பெயரோடு நிற்கின்றான். எம் மதம் வேறாயினும், அப்பெயரைப் படித்தபோது எமக்கு உண்டான உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. தீவார் அனைவரும் விரும்பி உண்ணும் கொலொம்போ என்னுங் கறி, இந்தியர் கொண்டுசென்ற மசாலையின் வழிவந்தது. வீராசாமி, இராமசாமி என்னும் பெயர்கள் பிரெஞ்சு எழுத்திற் குடும்பப் பெயர்களாய் வழங்குகின்றன. நோயும் ஏக்கமுமாய்ப் பாய்க்கப்பலின் அடித்தட்டிற் கிடந்து சென்றவரின் வழித்தோன்றல்களுள் எவரேனும் இன்று யோலின் கழிமேல் ஏறிக் காற்றை எதிர்த்துக் கிடத்தல் கூடும்.

தமிழ்ச் சொல்லொன்றும் அவ்விழாவில் மிதக்கின்றது. பந்தயத்தின் பின்னே வேடிக்கை பார்ப்போரை ஏற்றிச் செல்லும் படகுகளுள் கட்டமரான் எனப்படும் இரட்டையுடற் படகுகள் உள. அச்சொல் நம் கட்டுமரமேயாம். கரீபியக் கடலிற் கொள்ளைக்காரரோடு திரிந்த டாம்பியர் என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரையிற் கண்ட கட்டுமரத்தைத் தம் பிரயாண நூலில் எழுதினார். அந்நூல் வெளிவந்தது 1697-இல். கட்டுமரம் பல மரங்களை ஒன்றாகப் பிணித்தது. அவ்விரட்டைப் படகோ இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைத்தது. பெயர் மட்டுமே நமது, பொருள் வேறு.

ஆடிமாதம் பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்டு 2 அல்லது 3-ஆம் நாளில் வரும். மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் மேட்டூரிலும் ஜனங்கள் காவிரித் துறைகளிற் கூடி நீராடுவர். வெள்ளம் மிகுந்த ஆண்டுகளிற் பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருப்பர். படகு விழாவும் அவ்வாரத்திலேயே நிகழ்கின்றது. இங்கே மாலை ஐந்தரை மணிக்கு மக்கள் ஈரத்துணியோடு வீடு திரும்புங்கால், அங்கே காலை எட்டு மணி. கழிகளைத் தோளிற் சுமந்துகொண்டு படகினர் நீரில் இறங்கும் வேளை.